குடியிருப்புக்கு நடுவே இருக்கும் ரயில்வே கேட்டை நிரந்தரமாக மூடலாமா? (தாம்பரம் – செங்கல்பட்டு தடம்)

தெற்குத்தடம்

தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் வீடுகளுக்கு நடுவே மிச்சம் இருக்கும் கேட்டுகளைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம். நெடுஞ்சாலைக் கேட்டுகளின் கணக்கு வேறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவற்றை நிரந்தரமாக மூட வேண்டும், அதுவும் சீக்கிரமாக.

மூன்றாவது பாதை வந்த பிறகு இந்தக் கேட்டுகளின் தன்மையே மாறிவிட்டது. மின்சார ரயில், எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி மூன்றும் மாறி மாறி வருவதால், இறங்கிய தடுப்பு இரண்டு வண்டி, சில நேரம் மூன்று வண்டி போன பிறகே ஏறுகிறது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் குனிந்து நுழைகிறார்கள். முதல் வண்டி போனதும் நடக்க ஆரம்பிப்பவருக்கு, அதன் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் எதிர்ப்பாதையில் வரும் வண்டி தெரியவே தெரியாது. 100 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். லோகோ பைலட் ஆளைப் பார்த்த பிறகு பிரேக் போட்டு ஆகப்போவது எதுவும் இல்லை.

இன்னொரு காரணம், தெருவில் நிற்பவர் கண்ணில் படாதது. கேட்டுக்குள் ஒவ்வொரு தண்டவாளத்தின் உட்பக்கமும் செக் ரெயில் என்று இன்னொரு தண்டவாளம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சக்கர விளிம்பு ஓடுவதற்கு 51 முதல் 57 மி.மீ. அகலமும், குறைந்தது 38 மி.மீ. ஆழமும் காலியாக இருந்தாக வேண்டும். குடியிருப்புத் தெருவில் அந்தப் பள்ளத்தில் நாள் முழுக்க மண்ணும் உடைந்த கல்லும் விழுந்துகொண்டே இருக்கும். மேலே பேவர் கல் பதித்திருப்பதால் ஜல்லியை இறுக்கும் டேம்பிங் மெஷின் அந்த இடத்தில் வேலை செய்ய முடியாது. கல்லைப் பெயர்த்து, செக் ரெயிலைக் கழற்றி, அடியில் உள்ள ஜல்லியைச் சலித்துப் போட்டு மறுபடி மூட வேண்டும். சாக்கடை நீர் தேங்கும் கேட்டில் ரெயிலின் அடிப்பாகம் துருப்பிடிப்பது மேலிருந்து தெரியாது.

2025 ஜூலை 8 அன்று காலையில் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அங்கே முழுச் செலவையும் ரயில்வேயே ஏற்கும் சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் இருந்தும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்று தெற்கு ரயில்வே அறிக்கை விட்டது. ஆட்சேபம், கூட்டம், மறுபடி ஆட்சேபம் என்று இழுத்தால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

கீழத்தெரு

சார், செம்மங்குப்பத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அங்கே தடுப்பு இறங்கியதா இல்லையா என்பது சிக்னலுக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்கிறார், கேட் கீப்பர் மூடிவிட்டதாகச் சொல்லி, அதை உறுதிசெய்யும் ரகசிய எண்ணை (பிரைவேட் நம்பர்) கொடுக்கிறார், அதை நம்பி வண்டி விடப்படுகிறது. புறநகர்த் தடத்தில் கேட்டும் சிக்னலும் பிணைக்கப்பட்டவை. தடுப்பு பூட்டாமல் சிக்னல் விழாது, அதாவது வண்டி போக அனுமதி கிடைக்காது. அந்த நோய்க்கு மருந்து இன்டர்லாக்கிங். நம் நோய் வேறு.

என் கேள்வி ஒன்றுதான். மூடுவதா, பாலமா, சுரங்கமா என்பதை எந்த எண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள்? டி.வி.யூ.வை (Train Vehicle Unit) வைத்து. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்கினால் வருவது. கார், லாரி, மாட்டு வண்டி ஒவ்வொன்றும் ஒரு அலகு. ஆட்டோ அரை அலகு. நடந்து போகிறவர் பூஜ்யம்.

எடுத்துக்காட்டுக்கு, 150 ரயிலும் 700 வாகன அலகும் உள்ள கேட் என்று வையுங்கள். 1,05,000. மாநிலமும் ரயில்வேயும் பாதிப் பாதிச் செலவில் மேம்பாலம் கட்டுவதற்கான ஒரு லட்சத்தைத் தாண்டியாகிவிட்டது. அதே கேட்டில் 4,000 பேர் நடந்து போனாலும், 40 பேர் நடந்து போனாலும் எண் அதே 1,05,000தான். குடியிருப்புக் கேட்டில் அதிகமாகக் கடப்பது யார்? ஸ்டேஷனுக்கு நடப்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், ரேஷன் கடைக்குப் போகும் வயதானவர்கள். இவர்களை ஒரு தடவைகூட எண்ணாமல் "மாற்று வழி 1.2 கி.மீ. தள்ளி இருக்கிறது" என்று கோப்பில் எழுதுகிறார்கள். காருக்கு அது ஐந்து நிமிடம். நடப்பவருக்குப் போக 1.2, மறுபக்கம் திரும்பி வர 1.2, அரை மணி நேரம்.

மூடுவதற்கு நான் எதிரி அல்ல. நடப்பவருக்கான வழி திறந்து, விளக்கு எரிந்து, ஒரு மழைக்காலம் தாங்கிக் காட்டிய பிறகு மூடுங்கள் என்கிறேன்.

கைகாட்டி

"பிணைக்கப்பட்டவை, அதனால பத்திரம்"னு கீழத்தெரு சொன்னது பாதிதான் சரி. கேட் எப்படி வேலை செய்யுதுன்னு வரிசையாச் சொல்றேன்.

வண்டி வரப்போகுதுன்னு தகவல் வந்ததும் ஹூட்டர் அடிக்கும். கேட் கீப்பர் வின்ச்சைச் சுத்தியோ மோட்டார்லயோ ரெண்டு பக்கத் தடுப்பையும் இறக்குவார். தடுப்பு முழுசா இறங்கினாத்தான் அதோட பூட்டு (பூம் லாக்) விழும். பூட்டு விழுந்தாத்தான் அவர்கிட்ட இருக்கிற சாவி விடுபடும்; பேனல் வச்ச கேட்டா இருந்தா, அப்பத்தான் பேனல்ல சம்மதம் கொடுக்க முடியும். அதுக்கப்புறம்தான் சிக்னல். சிக்னல் விழுந்துட்டா வண்டி கேட்டைத் தாண்டுற வரைக்கும் அவரே நினைச்சாலும் திறக்க முடியாது. அவசரத்துக்குக் கண்ணாடிக்குள்ள ஒரு சாவி இருக்கு. அதை எடுத்தா சிக்னல் உடனே சிவப்புக்குப் போகும், ஆனா தடுப்பு 2 நிமிஷம் கழிச்சுத்தான் விடுபடும். ஏற்கனவே பச்சையைப் பார்த்து வேகமா வந்துட்ட வண்டி நிக்கவோ தாண்டவோ அந்த நேரம் வேணும். ஆம்புலன்ஸ் நிக்கிறப்ப "திறக்க மாட்டேங்கிறான்"னு கேட் கீப்பரைத் திட்டுறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

எங்க கோளாறு வருது? தடுப்பு இறங்கும்போது நடுவுல நுழையிற ஆட்டோ. தண்டவாளத்து மேல வண்டி மாட்டிக்கிட்டா பூட்டு விழாது, சிக்னலும் விழாது, பின்னாடி மூணு ரயில் வரிசையா நிக்கும். சில நேரம் வேன் தடுப்பை இடிச்சு உடைச்சுடும். உடனே கேட் கீப்பர் மாற்றுத் தடுப்பை (ஸ்லைடிங் பூம்) இழுத்துப் பூட்டணும். அதுவும் முடியலன்னா வண்டி 'ஜி' போர்டு போட்ட கேட் சிக்னல்கிட்ட பகல்ல 1 நிமிஷம், ராத்திரி 2 நிமிஷம் நின்னு, ஹாரன் அடிச்சு, ஊர்ந்து வந்து, கேட் கீப்பர் கைக்கொடி காட்டினாத்தான் தாண்டும். உச்ச நேரத்துல இப்படி ஒண்ணு நடந்தா பின்னாடி வர்ற எல்லா வண்டியும் தாமதம். மூடிய கேட்டை உடைச்சா ரயில்வே சட்டம் 160-ல 5 வருஷம் வரைக்கும் சிறை, ஆனா அது ரயிலை நகர்த்தாது.

இன்டர்லாக்கிங் ரயிலையும் வாகனத்தையும் பிரிச்சு வைக்குது. நடக்கிறவரைப் பிரிக்கல. அந்தத் தடுப்பு இடுப்பு உயரத்துல ஒரு கம்பி, அவ்வளவுதான். கீழ எதுவும் கிடையாது. அந்த விஷயத்துல தெற்குத்தடம் சொல்றது சரி.

நேர்வழி

ஒரு மேம்பாலம் கட்டினால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது. ரயிலும் நிற்க வேண்டாம், மழைத் தண்ணீர் பயமும் இல்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

அடிமட்டம்

நேர்வழி, அளவைப் போட்டுப் பார்ப்போம். மின்மயப் பாதையில் தண்டவாளத்துக்கு மேல் குறைந்தது 6.5 மீட்டர் காலியாக விட வேண்டும், புதிய வடிவமைப்புகளில் இன்னும் கூடுதல். அதற்கு மேல் கர்டரும் தளமும் சேர்ந்து ஒன்றரை மீட்டர். பாலத்தின் சாலை மட்டம் தண்டவாளத்திலிருந்து 8 மீட்டர். 30-க்கு 1 சரிவில் இறங்க ஒவ்வொரு பக்கமும் 240 மீட்டர். தெரு மட்டம் தண்டவாளத்தைவிடத் தாழ்வு என்பதால் அதையும் சேர்த்தால் 250-ஐத் தாண்டும்.

அகலம்: இரண்டு வழிச் சாலை 7.5 மீட்டர், இருபுறத் தடுப்புச் சுவர், அதற்கு வெளியே வீடுகளுக்குப் போகும் சர்வீஸ் ரோடு ஒவ்வொன்றும் 5.5 மீட்டர். மொத்தம் 20 மீட்டர் வேண்டும். நாம் பேசுவது 30 அடி, 40 அடித் தெரு, அதாவது 9 முதல் 12 மீட்டர். மீதி யாருடைய வீட்டுக்குள்ளிருந்து வரும்? கேட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் போக 250 மீட்டர் பின்னால் நடந்து, ஏறி, இறங்கி, மறுபடி 250 மீட்டர் திரும்பி வர வேண்டும். அவர் அதைச் செய்ய மாட்டார், சுவரில் ஓட்டை போட்டு நேராகக் கடப்பார். நெடுஞ்சாலைக்கு மேம்பாலம் சரி. தெருவுக்குச் சரிவராது.

சுரங்கப்பாதை என்றால்: உள்ளே 3.6 மீட்டர் காலி உயரம் வைத்தால் ஆம்புலன்ஸ், பள்ளி வேன், குப்பை லாரி, தண்ணீர் லாரி எல்லாம் போகும். மேல் தளம் 0.5, அதன் மேல் ஜல்லி, ஸ்லீப்பர், ரெயில் சேர்த்து 0.9. ஆக தண்டவாளத்திலிருந்து 5 மீட்டர் ஆழம், தெருவிலிருந்து நாலரை. 20-க்கு 1 சரிவில் ஒவ்வொரு பக்கமும் 90 மீட்டர். இது தெருவுக்குள் அடங்குகிற அளவு. 2.5 மீட்டர் உயரத்தோடு நிறுத்திக்கொள்ளும் திட்டங்களை ஏற்காதீர்கள். கட்டிய பிறகு ஆம்புலன்ஸின் மேல் விளக்கு இடித்தால் யாராலும் பெரிதாக்க முடியாது.

நடப்பவருக்கு மட்டும் தனி வழி என்றால் கணக்கு இன்னும் தெளிவு. நடைமேம்பாலம் ஏற ஏறக்குறைய 7 மீட்டர், படி 15 செ.மீ. என்றால் 46 படி ஏறி 46 படி இறங்க வேண்டும். 2.5 மீட்டர் உயர நடைசுரங்கத்துக்குத் தண்டவாளத்திலிருந்து 3.8 மீட்டர், 25 படி இறங்கி 25 ஏறினால் போதும். முழங்கால் வலி உள்ளவருக்கு 92-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். சைக்கிளும் சக்கர நாற்காலியும் போக 12-க்கு 1 சரிவில் 45 மீட்டர் சாய்தளம், இடையிடையே சமதளம். நடைமேம்பாலத்தில் அதே சாய்தளம் 84 மீட்டர் ஆகிவிடும், அதனால்தான் யாரும் கட்டுவதில்லை.

ஏரிக்கரை

சுரங்கம், சுரங்கம் என்று பேசுகிறீர்களே, சென்னையில் ஒரு கனமழைக்குத் துரைசாமி சுரங்கம், அரங்கநாதன் சுரங்கம், கணேசபுரம் சுரங்கம் என்று பட்டியல் போட்டு மூடுவதைப் பார்த்ததே இல்லையா? நம் பக்கம் அதைவிடத் தாழ்வு. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கம்தான் அடையாறு தொடங்குகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015-ல் எப்படி மூழ்கின என்பது எல்லோருக்கும் தெரியும். கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரி நிரம்பினால் கலங்கல் நீர் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள். ஏரியும் ஏரிக்கால்வாயும் இருந்த நிலத்தில் நாலரை மீட்டர் பள்ளம் தோண்டினால் அது கிணறுதான். கேட் இருந்தால் மழையிலும் பத்து நிமிடம் நின்றாவது போகலாம். கேட்டை மூடி, சுரங்கமும் முழுகிவிட்டால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் துண்டிக்கப்படும். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை எந்த வழியாகக் கொண்டுபோவது?

அடிமட்டம்

பயம் நியாயமானது. ஆனால் சுரங்கத்தில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அநேக இடங்களில் தவறான தண்ணீருக்குப் பம்பு வைக்கிறார்கள்.

முதலாவது, சரிவின் மேல் நேராக விழும் மழை. 7 மீட்டர் அகலம், இரு பக்கமும் சேர்த்து 180 மீட்டர், 1,260 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் 63,000 லிட்டர். ஆறேழு மீட்டர் ஏற்றி வெளியேற்ற 5 எச்.பி. பம்பு ஒன்றே போதும், இன்னொன்று மாற்றுக்கு. சரிவின் மேல் தகடு வேய்ந்த கூரை போட்டால் இந்தத் தண்ணீரே கிட்டத்தட்ட இல்லாமல் போகும்.

அடுத்தது, சுற்றுத் தெருக்களிலிருந்து வழிந்து வரும் நீர். வெறும் 5 ஏக்கர், அதாவது 2 ஹெக்டேர் நிலத்தில் அதே மழை பெய்து, முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக வழிந்தாலே 7 லட்சம் லிட்டர். 63,000 எங்கே, 7 லட்சம் எங்கே! முன்பு சொன்ன பம்பு இதைத் தாங்காது. இதைப் பம்பினால் அல்ல, வாசலிலேயே தடுக்க வேண்டும். சரிவு தொடங்கும் இடத்தில் சாலையை 30 செ.மீ. மேடாக்கி, பிறகே இறக்க வேண்டும். சரிவின் பக்கச் சுவரைத் தெரு மட்டத்துக்கு மேல் அரை மீட்டராவது உயர்த்த வேண்டும். மேட்டுக்கு வெளியே சாலைக் குறுக்கே கிராதி போட்ட வடிகால் வேண்டும். அது போய்ச் சேரும் மழைநீர் வடிகால் சுரங்கத்துக்கு முன்பே கட்டி முடிந்திருக்க வேண்டும். துண்டு துண்டாக விட்ட வடிகாலில் சேர்த்தால் தண்ணீர் அதே வழியாகத் திரும்பி வரும்.

மூன்றாவது ஊற்று நீர். ஏரிக்கரை சொன்ன இடங்களில் இதுதான் தலைவலி. சுரங்கத்தின் கான்கிரீட் பெட்டியை வார்ப்புத் துண்டுகளாக இறக்கி அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் கசியும். ஒரே வார்ப்பாகச் செய்து தள்ளும் பெட்டியில் கசிவு குறைவு. சரிவுப் பகுதிக்கும் வெறும் தடுப்புச் சுவர் போதாது. அடியில் கான்கிரீட் தளமும் பக்கச் சுவரும் ஒன்றாகச் சேர்ந்த தொட்டி போல வேண்டும். இல்லாவிட்டால் மழை நின்று பத்து நாள் கழித்தும் தளத்தின் விரிசலில் ஊறும், பாசி பிடிக்கும், இரு சக்கர வண்டி சறுக்கும்.

பம்பு அறையில் நடப்பது: மழையில் கரண்ட் போகும், ஜெனரேட்டர் இருக்காது. இருந்தாலும் மின் பலகையைச் சுரங்கத்துக்குள்ளேயே வைத்திருப்பார்கள், முதலில் மூழ்குவது அதுதான். பலகை தெரு மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மிதவை சுவிட்சில் தானாக ஓட வேண்டும். தண்ணீர் சேரும் தொட்டியான சம்ப்பின் வாயில் சாக்கும் பிளாஸ்டிக் பையும் அடைக்கும், வாரம் ஒருமுறை எடுக்க ஓர் ஆள் பெயரோடு எழுத்தில் இருக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியது ரயில்வே அல்ல, உள்ளாட்சி. துரைசாமி சுரங்கம் மாதிரி பழைய சுரங்கங்களின் பெயரைச் சொல்லி எல்லாச் சுரங்கத்தையும் மறுப்பதை நான் ஏற்கவில்லை.

ஏரிக்கரை

நீங்கள் எழுதியதெல்லாம் காகிதத்தில் சரி. உள்ளாட்சி சம்ப்பைத் தூர்வாரும் என்பதை நம்பித்தானே மொத்தக் கணக்கும் நிற்கிறது? அந்த நம்பிக்கையை எதன் மேல் வைப்பது?

தெற்குத்தடம்

அப்படிப் பார்த்தால் எதையுமே கட்ட முடியாது, ஏரிக்கரை. தூர்வாரவில்லை என்றால் வாரக்கணக்கில் சண்டை போடலாம், அதைச் சரிசெய்யலாம். தண்டவாளத்தில் போன உயிரை யாரும் சரிசெய்ய முடியாது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கீழத்தெரு சொல்லும் "முதலில் கட்டு, பிறகு மூடு" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இருபுறமும் வீடு இருக்கும் நேரான தெருவில், கேட் இருக்கும் அதே இடத்தில்தான் சுரங்கம் வர முடியும். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதே இடத்தில் எப்படித் தோண்டுவது?

கீழத்தெரு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டு முறை இருக்கின்றன. ரிலீவிங் கர்டர் வைத்துத் தண்டவாளத்தைத் தாங்கி, அடியில் தோண்டி, வார்ப்புத் துண்டுகளை இறக்குவது ஒன்று. அதற்குப் போக்குவரத்தை நிறுத்தி லைன் பிளாக் வாங்க வேண்டும், கேட்டையும் மூடியே ஆக வேண்டும். இன்னொன்று பெட்டி தள்ளுதல். ஒரு பக்கம் குழி வெட்டி, தள்ளுமேடை கட்டி, அதன் மேல் பெட்டியை வார்த்து, ஹைட்ராலிக் ஜாக்கால் தண்டவாளத்துக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவது. வண்டிகள் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்டிலிருந்து 15, 20 மீட்டர் தள்ளித் தள்ளுவதற்கு இடம் இருந்தால் கேட் திறந்தே இருக்கலாம்.

இடம் இல்லை என்றால்? நடைசுரங்கத்தை முதலில் முடியுங்கள். 3 மீட்டர் அகலப் பெட்டிக்குத் தெருவே வேண்டாம், ரயில்வே நிலத்திலேயே, ஸ்டேஷன் பக்கமாக ஒதுக்கி வைக்கலாம். அது திறந்த நாளில் வாகனக் கேட்டை மூடிப் பெரிய சுரங்கத்தைத் தோண்டுங்கள். வாகனம் சுற்றிப் போகட்டும், பெட்ரோல்தான் செலவு. நடப்பவர் ஒரு நாள்கூடத் துண்டிக்கப்பட மாட்டார்.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும்? தண்டவாளத்துக்கு அடியில் உள்ள பெட்டி ரயில்வே வேலை, அதை அவர்கள் முடித்துவிடுவார்கள். அணுகுசாலை மாநிலத்தின் வேலை. அங்கேதான் நிலம் எடுப்பது, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்வாரியக் கேபிள் எல்லாம் மாட்டிக்கொள்ளும். பெட்டி மட்டும் தண்ணீரில் நிற்கும், கேட் மூடியிருக்கும், மக்கள் சுவரை உடைத்துக் கடப்பார்கள். இருந்த கேட்டுக்காவது ஒரு கேட் கீப்பர், ஒரு ஹூட்டர், ஒரு விளக்கு இருந்தது. சுவர் ஓட்டைக்கு அதுவும் இல்லை. ரயில்வே சட்டம் 147-ன் கீழ் அத்துமீறலுக்கு 6 மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் என்று பலகை வைத்து யாரும் நின்றதில்லை. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் அதே உயிர்தான் அங்கே போகும், தெற்குத்தடம்.

கைகாட்டி

இது உண்மை. கேட்டை மூடினதும் கேட் கீப்பரை வேற இடத்துக்கு மாத்திடுவாங்க, ஹட்டை இடிச்சுடுவாங்க. கேட் போன இடத்துல லோகோ பைலட்டும் வேகத்தைக் குறைக்க மாட்டார். அங்க ஆள் நடந்தா கேட்ல நடந்ததைவிட ஆபத்து அதிகம். மூடுற அன்னைக்கே ரெண்டு பக்கமும் வெறும் வேலி இல்லாம கான்கிரீட் சுவர், குறைஞ்சது 200 மீட்டர் நீளத்துக்கு வேணும்.

நேர்வழி

ரயிலையே தூக்கிவிட்டால்? மெல்போர்னில் கால்ஃபீல்டு – டாண்டெனாங் தடத்தை 2018-ல் உயர்த்தி 9 கேட்டுகளை ஒரே மூச்சில் எடுத்தார்கள். நம் பறக்கும் ரயிலும் மயிலாப்பூருக்குள் கேட் இல்லாமல்தானே போகிறது?

அடிமட்டம்

நல்ல வழிதான், ஆனால் ஒரு கேட்டுக்காக அல்ல. சரக்கு வண்டி ஏற வேண்டும் என்றால் 150-க்கு 1 சரிவு என்று வையுங்கள். 7 மீட்டர் ஏற ஒரு கிலோமீட்டருக்கு மேல், இறங்க இன்னொரு கிலோமீட்டர். இடையில் வரும் ஸ்டேஷன்களையும் தூக்க வேண்டும். மெல்போர்னில் வரிசையாக 9 கேட் இருந்ததால் கட்டுப்படியானது. பறக்கும் ரயில் புதிதாகப் போட்ட தனித்தடம், சரக்கு வண்டி கிடையாது. ஓடும் மூன்று பாதையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் தூண் நட இங்கே இடமும் இல்லை.

கீழத்தெருவின் வரிசைக்கு ஒன்று சேர்க்கிறேன். குழி தோண்டும்போது ஊற்று நீரை இரவு பகலாக இறைப்பார்கள். நிலத்தடி நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் களிமண் சுருங்கி, ஆழமில்லாத அடித்தளம் கொண்ட பழைய வீடுகளில் விரிசல் விழும். வேலை தொடங்கும் முன்பே 50 மீட்டர் தூரத்துக்குள் உள்ள வீடுகளைப் புகைப்படத்தோடு பதிவு செய்து இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் விரிந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் "அது பழைய விரிசல்" என்று ஒப்பந்ததாரர் சொல்வார், மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

படிவம்

சட்ட வழியை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கேட்டை மூட ரயில்வேக்கு மாவட்ட ஆட்சியரின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆகவே பிடி அங்கேதான் இருக்கிறது. சுரங்கத்துக்கான சம்மதக் கடிதத்திலேயே சாலை, விளக்கு, நீரிறைப்புப் பராமரிப்பை உள்ளாட்சி ஏற்கிறது என்றும் எழுதுவார்கள். ஏரிக்கரை கேட்ட நம்பிக்கை அந்தக் கடிதத்தின் வாசகத்தில் இருக்க வேண்டும்: எந்த அலுவலகம், எந்தக் கணக்குத் தலைப்பு, எத்தனை எச்.பி. பம்பு, ஜெனரேட்டர் உண்டா.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நான்கு தாள்களைக் கேளுங்கள்: கடைசியாக எடுத்த டி.வி.யூ. கணக்கெடுப்புத் தாள், பொது அமைப்பு வரைபடம், வடிகால் வரைபடம், ஆட்சியருக்கும் கோட்ட அலுவலகத்துக்கும் இடையே போன கடிதங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரைபடத்தில் பார்க்க வேண்டியவை காலி உயரம், சரிவு விகிதம், நுழைவாயில் மேடு, சம்ப் கொள்ளளவு, நீர் வெளியேறும் இடம். கடைசியாகச் சொன்னது பல வரைபடங்களில் "அருகில் உள்ள வடிகால்" என்று மட்டும் இருக்கும். அந்த வடிகாலின் பெயரும் அடிமட்ட உயரமும் கேட்டு எழுதுங்கள்.

மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து எண் வாங்குங்கள். "மூடக் கூடாது" என்று எழுதினால் கோப்பு அப்படியே கிடக்கும். "இந்த நிபந்தனைகள் நிறைவேறிய பிறகு மூடலாம்" என்று எழுதினால் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும்.

கீழத்தெரு

டி.வி.யூ. கணக்கெடுப்பில் நடப்பவர் இல்லை என்பதால் நாமே எண்ணி மனுவோடு இணைக்கலாம். கேட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், காலை 6 முதல் இரவு 10 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, ஒரு முகூர்த்த நாள். பத்திகள்: நடப்பவர், அதில் பள்ளிச் சீருடையில் உள்ளவர், கைத்தடியோ சக்கர நாற்காலியோ உள்ளவர், சைக்கிள், தள்ளுவண்டி. கூடவே தடுப்பு இறங்கிய நேரமும் ஏறிய நேரமும் நிமிடக் கணக்கில்.

தெற்குத்தடம்

எண்ணுங்கள், நானும் ஆதரிக்கிறேன். நடைசுரங்கம் முதலில் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கடைசித் தேதி வைக்க வேண்டும். தேதி தாண்டினால் கேட் மூடப்படும் என்று மனுவிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் இது இன்னொரு பத்து வருடக் கோப்பு.

உங்கள் தாளில் ஒரு பத்தி குறைகிறது: தடுப்பு இறங்கிய பிறகு குனிந்து நுழைந்தவர்கள். அதையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள்.

கீழத்தெரு

பத்தியைச் சேர்க்கிறேன். தேதியைச் சேர்க்க மாட்டேன். தாமதம் செய்வது இரண்டு துறைகள், தண்டனை நடப்பவருக்கா? தேதி தாண்டினால் ரயில்வேயும் நெடுஞ்சாலைத் துறையும் தங்கள் செலவில் கேட்டின் இரு பக்கமும் நடப்பவருக்குத் தனிச் சிறு கதவும் (விக்கெட் கேட்), அதற்கு ஓர் ஆளும் போடட்டும். அதை எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.